கற்றாழைச் சாமி கட்டிப்பிடித்த செடி

ஜொகூர் மாநிலத்துச் செனாய்ப் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் அந்த வருஷம் ரப்பர் மரத்தில் பால் வடிந்ததோ இல்லையோ, மனுஷர்களிடம் பக்தி வடிந்தது! சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிக் கற்றாழைச் சாமி வந்து இறங்கியிருந்தார். அவர் மந்திரித்து விற்கும் கற்றாழையை டின்னில் நட்டு, வீட்டு மூலையில் வைத்து, மூன்று வேளையும் தீர்த்தம் ஊற்ற வேண்டும். டின்னில் ஓட்டை கூடாது. தீர்த்தம் ஒழுகினால் தெய்வக் குற்றம். செடி தழைத்தால் வீட்டில் லட்சுமி. அழுகினால்? வீட்டுக்காரி பீடை! அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாமியிடம் வேறு செடி வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு அழுகியது. வரிசை வீட்டு லயமே அழுதது. சாமியின் மடி மட்டும் தழைத்தது.

அய்யாவு வீட்டுச் செடியும் கூழாகிச் சரிந்தது. அவனைப்போலப் பயபக்தியோடு தண்ணீர் ஊற்றியவன் ஜொகூரிலேயே கிடையாது. பெண்டாட்டி கிருஷ்ணம்மா இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனாலும் அவளுடைய தகரப் பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்தான். சாமி வாக்காயிற்றே!

“நீ போய்ட்டா எனக்கு யாரு புள்ள ரசம் வைப்பா?” என்று மூக்கை உறிஞ்சினான்.

“செடிகிட்ட கேளுங்க, வைக்கும்” என்றாள் கிருஷ்ணம்மா. “போறேன். அதுக்கு முந்தி இன்னொண்ணு மந்திரிச்சு வாங்கிட்டு வாங்க. அத நீங்க வளங்க. பக்கத்துல நான் ஒண்ணு வளக்குறேன்.”

ஓடிப்போய் வாங்கி வந்தான். அவளோ கக்கூசுக்குப் பின்னால் கிடந்த கற்றாழையைப் பிடுங்கி, அடியில் ஓட்டை போட்ட டின்னில் மணல் கலந்து நட்டு, சன்னலோரம் வைத்தாள். எப்போதாவது ஒரு கை தண்ணீர். மந்திரம் கிடையாது, போகிற போக்கில் ஒரு திட்டு.

மாதம் திரும்பியது. வெள்ளிக்கிழமை சாமியைச் சுற்றி ஒரே கூட்டம். கிருஷ்ணம்மா இரண்டு டின்களையும் அவர் முன்னால் வைத்தாள். ஒன்று கொழுகொழு, மற்றது கொழகொழ.

“இதுல சாமி மந்திரிச்சது எதுங்க?”

சாமி கண்ணை மூடினார், உடம்பை உலுக்கினார், கொழுத்ததைக் கட்டிக்கொண்டார். “இதுதான் மகளே! தேவி உள்ள உக்காந்து சிரிக்கிறா பாரு!”

“அலமாக்! ஐயோ, அது இல்லீங்க சாமி!” என்று அலறினான் அய்யாவு. சாமி தப்பைக் கட்டிக்கொள்வதைப் பக்தன் மனம் பொறுக்குமா? “அது கக்கூஸ் கத்தாழைங்க! உங்களது இந்தா, இது! நானே மூணு வேளையும் தீர்த்தம் ஊத்துனேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

“ஓட்டையில்லாத டின்னுல தண்ணியத் தேக்குனா கத்தாழ அழுகாம ஆடுமா?” என்றாள் கிருஷ்ணம்மா. “இதுக்கு எங்களையா பெட்டி கட்டச் சொன்னீங்க?”

சாமி ஓடிய ஓட்டத்தில் ஜொகூர் பாரு பஸ் தோற்றது. பெண்டாட்டியை அனுப்பிவிட்ட வீரர்கள் மாமியார் வீட்டுக்கு வழி கேட்டு நின்றார்கள். அய்யாவு தகரப் பெட்டியை உள்ளே கொண்டுபோகப் பறந்தான்.

திரும்பி வந்தால், அடுத்த வீட்டுத் தங்கராஜு கொழுத்த கற்றாழைக்குக் கற்பூரம் ஏற்றியிருந்தான். “சக்தி இதுக்குத்தான்டா இருக்கு!” அவன் பின்னால் பத்துப் பேர். அய்யாவுக்கும் கை தானாக மேலே போனது.

கிருஷ்ணம்மா கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

“கும்புட ரெண்டு கை இருக்குல்ல? அதுல ஒண்ண எடுத்து அவங்கவங்க தலையத் தட்டிப் பாருங்க. உள்ள யாராச்சும் இருந்தா, வந்து தொறக்கட்டும்!”