புகழ்வேந்தனின் புல்லட் புயலான படலம்

வாழ்க புகழ்வேந்தன்! கரும்பு சூழ் மண்ணாடிப்பட்டின் காளை, சென்டர் ஸ்டாண்டில் நின்றபடியே எண்திசையும் வெல்லத் துணிந்த தாய்மாமன், அவன் கொற்றமும் கிக்கரும் நீடு வாழ்க.

போர் மண்ணுக்கன்று, பொன்னுக்கன்று, ஒரு மடிக்கு. அக்காள் மகள் பிரியதர்ஷினிக்குக் காதணி விழா. இரு தாய்மாமன்களில் எவன் மடியில் இருத்திக் காது குத்துவது என்பதை அக்காள் குழந்தையின் விருப்பத்துக்கே விட்டுவிட, மூத்தவன் அரங்கநாதன் குழந்தையை வெள்ளை யானைமேல் அமர்த்திய பேனரை மண்டப வாசலில் ஏற்றி முதல் முரசு அறைந்துவிட்டான்.

வெகுண்டெழுந்த இளையவன் புகழ்வேந்தன் வில்லியனூர் ஃப்ளெக்ஸ் கடையில், மவுஸேந்திய மறத்தி பிரவீணாவின் முன், தன் வாசலில் எடுத்த படத்தை வைத்தான். புல்லட் நின்றது. அவன் அதன்மேல் வீற்றிருந்தான். பின்னால் ஒரு கோழி உறங்கியது.

"வண்டி நிக்குதேண்ணா."

"அதாம்மா, ஓட வை. எங்கண்ணன் யானை வச்சிருக்கான். ஓவர்டேக் பண்ணணும்."

மூலையில் தாமரை மலர்த்தி, அதனுள் குழந்தையின் படத்தை வைத்து, அதைப் பின்னணியோடு ஒன்றாய் ஒட்டினாள் பிரவீணா. பிறகு ஸ்டாண்டை அறுத்து, துயின்ற சக்கரங்களைத் திகிரியெனச் சுழற்றி, வீரனையும் வாகனத்தையும் தனி லேயர் என்னும் கோட்டைக்குள் காத்து, எஞ்சிய உலகின்மேல் மோஷன் ப்ளர் என்னும் வாயுவாஸ்திரத்தை ஏவினாள். கோழி கோடாயிற்று, வைக்கோற்போர் பொன்னாறாய்ப் பெருகியது, மாட்டுக்கொட்டகை வால்மீனாய் நீண்டது.

"இன்னாம்மா இது, டவுன் பஸ் வேகம்தான் இருக்கு."

"இதுக்கு மேல போனா ஒண்ணுமே தெரியாதுண்ணா."

"எனக்கு நான் தெரிஞ்சா போதும்மா."

ஊழி பெயர்ந்தது. திரையில் ப்ளரின் அளவுக்கோடு அதன் கடைசி எல்லையைத் தொட்டது. தன் மீசையையே கண்டு களித்த தலைவன் வேறெதையும் காணாது, அச்சிடுக என ஆணையிட்டான்.

விழா நாளில் யானைக்கு எதிரே எழுந்தது புல்லட். அண்ணாந்து பார்த்த பங்காளிகள் தம்மையறியாமல் தலைமயிரைக் கோதிக்கொண்டனர். அரங்கநாதனின் யானை அக்கணமே கிழடு தட்டிப்போயிற்று. வெற்றிக் களிப்பில் மருமகளைத் தோளில் தூக்கிக் காட்டினான் புகழ்வேந்தன்.

"நான் எங்க மாமா?"

தேடினான். தாமரை இருந்த மூலையில் தொடங்கி, மறுமூலைவரை, இளஞ்சிவப்பாய் ஒரு தீற்றல் ஓடிற்று.

"இதோ, இங்கேர்ந்து அங்க வரைக்கும் நீதான்டா செல்லம்."

பாப்பா இறங்கிப் போய்ப் பெரிய மாமா மடியில் உட்கார்ந்துகொண்டது.