தாய்மாமன் சீராக இரண்டு பேட்டரி

தியாகதுருகத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா சுப்புராயன் அவர்களுக்கு, உங்கள் அக்கா ஆண்டாளின் மகள் சந்தியா வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் எங்கள் வீட்டுக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. அம்மா வேறு சாதியில் கட்டிக்கொண்டவள் என்பதற்காக, அவள் செத்த அன்றும் தெருமுனையில் பைக்கை விட்டு இறங்காமலே அழுதுவிட்டுப் போனீர்கள். மற்றபடி நான் நலம். அத்தை நலமா?

விஷயம் பேட்டரி. அப்பாவும் போன பிறகு கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு தேடினேன். எல்லா வீட்டுக்காரரும் "தனியாவா இருக்கப் போற?" என்று ஆரம்பித்து "எந்தத் தெரு ஆளுங்க?" என்பதில் வந்து முடித்தார்கள். போங்கடா என்று, கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய கேரவன் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டேன். சனி, ஞாயிறு கல்வராயன் மலைக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றிப் போகிறேன். மற்ற நாளெல்லாம் அதுதான் என் வீடு. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜுக்கென்று கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு பேட்டரியும் போன வாரம் மலை ஏறும்போது உயிரை விட்டன. பின்னால் இருந்த சென்னைக் குடும்பம் ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் குடித்தது. கார் பேட்டரிக் கடைக்குப் போனால், "ஃபேன் ஓடுதுன்னா அது வூட்டு பேட்டரிம்மா, இன்வெர்ட்டர் கடைக்குப் போ" என்றார். இன்வெர்ட்டர் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, வூட்டுக்கு சக்கரம் கீது? ஓடிக்கினு இருக்கற வூட்டுக்கெல்லாம் வாரண்டி கெடையாது" என்றார். பிறகு மனமிரங்கி, ஆசிட் பேட்டரி விலை கம்மி, ஆனால் உயரம் ஜாஸ்தி, கட்டிலுக்கடியில் போகாது, மலை வளைவில் ஆசிட் சிந்தும்; லித்தியம் அடக்கமானது, ஆனால் சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று விளக்கினார். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றேன். "பழசோட சேந்தா புதுசும் கெட்டுப்பூடும்" என்றார். நம் சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

"வூட்ல எத்தினி பேரு?"

"ஒருத்தி."

"ஒரு ஆளுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பேட்டரி?"

"ராத்திரியெல்லாம் ரேடியோ ஓடும்ங்க. யாராச்சும் பேசிக்கினே இருக்கணும் எனக்கு."

எந்த பேட்டரியாக இருந்தாலும் கடைக்காரர் வீட்டுக்குள் வந்து பார்த்து, மாட்டி, பொட்டு வைத்து, டீ குடித்துவிட்டுப் போவதுதானே வழக்கம்? நீங்களும் கடைக்காரர்தானே, மாமா? நான் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவர ஆளில்லை. பட்டும் வளையலும் இப்போது வேண்டாம். தாம்பாளத்தில் இரண்டு லித்தியம் பேட்டரி வைத்து எடுத்து வாருங்கள். சாதி போய்விடும் என்று பயமாக இருந்தால், அது வண்டிதான், வீடில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் கடைக்காரரே சாட்சி சொல்வார்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் காலில் விழ மாட்டேன். டீ நன்றாகப் போடுவேன்.

இப்படிக்கு,
சந்தியா

பின்குறிப்பு: இதை எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று காலை சங்கராபுரத்திலிருந்து பேட்டரிக் கடைக்காரர் ஷேக் மைதீன் பாய் வந்தார். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினார். லித்தியமே மாட்டிவிட்டார். எல்லாம் ஓடுகிறது. ஆகவே எனக்கு பேட்டரி எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். எப்போது வருகிறீர்கள்?