ஐயோ அக்கா அடிபடும் அழகு

எங்கள் ஐயோ அக்காவைப் போல அழகாக அடிபடத் தெரிந்த ஆள் ஆசியாக் கண்டத்திலேயே கிடையாது.

கோவில்பட்டி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேஜை. விளாத்திகுளம் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே, பேரிடர் மீட்புப் பயிற்சித் திடல் ஒன்று வந்தது. உடைந்த கான்கிரீட்டைக் குவித்து, பூகம்பத்தில் சரிந்த கட்டிடம் போலவே செய்திருந்தார்கள். பல நாட்டு மீட்புக் குழுக்கள் வந்து பயிற்சி எடுக்கும். அடிபட்டவர்களாக உள்ளே கிடக்க உள்ளூர் ஆட்களைக் கேட்டார்கள். அக்கா ஞாயிறுதோறும் போனார். அங்கே அவர் போட்ட 'ஐயோ'தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

முதல் நாள், கால் முறிவு என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நால்வர் ஊர்ந்து வந்து, வாயே திறக்காமல் கச்சிதமாகக் கட்டுப் போட்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்துட்டேன்."

"யக்கா, ஒங்களுக்குக் கால் மட்டுந்தான் முறிஞ்சிருக்கு," என்றார் பயிற்சியாளர்.

"நாலு பேரு வந்தாவ. ஒருத்தராவது பேரு என்னன்னு கேட்டாவளா? பயத்துலயே உசிரு போயிட்டு."

அக்கா மறுபடி முதலிலிருந்து செய்ய வைத்தார். இந்த முறை, கடம்பூருக்குப் போளி வாங்கப் போன கணவருக்குத் தகவல் சொல்லச் சொல்லி அவர்களைப் பிடுங்கி எடுத்தார். அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஒத்திகை அலுவலகத்திலும் நடக்கும். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று அலறுவார். மேலாளர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடிவருவார்.

"ஒண்ணுமில்ல சார். இந்த வாரம் இடுப்பெலும்பு. கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."

பிறகு திடலுக்குப் புதுக் கருவி வந்தது. கண்ணில் மாட்டினால் இடிந்த ஊரும் அதில் அடிபட்டுக் கிடப்பவர்களும் முன்னால் தெரியும் கண்ணாடி. இனி அடிபட ஆள் வேண்டாம் என்றார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்து அலறல் நின்றுபோனது. எங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அக்கா நேரே திடலுக்குப் போய், அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கையப் பிடிச்சா, இந்தப் பிள்ளை திருப்பிப் பிடிக்க மாட்டேங்குதே."

பயிற்சியாளர் யோசித்தார். அன்றிலிருந்து பயிற்சி கண்ணாடியில் பாதி, அக்காவிடம் பாதி என்று ஆனது.

போன வருஷம், இங்கே பயின்ற இந்தோனேசியப் பெண் ஒருத்தி அலுவலக நேரத்தில் அக்காவை வீடியோவில் அழைத்தாள். அவள் ஊரில் நிலநடுக்கம். சுவருக்கு அடியில் சிக்கிய ஒரு மீனவரை வெளியே எடுக்கும்வரை, கையை விடாமல் பேசிக்கொண்டே இருந்தாளாம்.

"இப்பம் எப்படி இருக்காவ?" என்றார் அக்கா. நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் போனைத் திருப்பினாள். கட்டிலில் கிடந்த மனிதர் மெல்லக் கையைத் தூக்கிக் காட்டினார். ஊரையே கூட்டும் அக்கா அன்று சத்தமில்லாமல் அழுதார். மேலாளர், பாலிசி கட்ட வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க ஆபீஸ் அக்காதான்" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அலுவலகமே அடிபடக் கிளம்பியது. எனக்குப் பிண வேடம். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து அக்காவின் அலறல் வந்தது. நடிப்பு என்று தெரியும். இருந்தாலும் எழுந்து அக்காவைத் தேடி ஓடிவிட்டேன்.