இருநூற்றுப் பதினாலாம் ஆணி

பெரியவர் கையிலிருந்த பித்தளைப் பில்லை ஆணியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. நாற்பது வருஷப் பச்சைக் களிம்பு துளையை அடைத்திருந்தது.

"சீக்கிரம் மாட்டுங்க, யாராவது வந்துடப் போறாங்க!" என்று வாசலில் காவல் நின்ற மனைவி, ஊருக்கே கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

எல்லைக் கம்பிவேலியை ஒட்டிய அந்தக் கிராமத்துச் செம்புச் சுரங்கம் மூடி வெகுகாலமாகிவிட்டது. ராஜாக்கள் காலத்துக் குழிகளும் உருக்காலைப் புகைபோக்கியும் இப்போது காட்சிப்பொருள்கள். இந்தப் பில்லை அறையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொள்வான். ஏறி வந்ததும் மாட்டிவிடுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

இங்கே வேலை பார்த்த பெரியவர், நாற்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, பெண் பார்க்கப் போகிற அவசரத்தில், பில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் அறைத் தோழனிடமிருந்து தந்தி வந்தது: 'சுரங்கத்தில் மண் சரிந்தது. உன் ஆணி காலி. உன்னைத் தேடிப் பதினெட்டுப் பேர் இரண்டு ஷிப்ட் மண் தோண்டினார்கள். இந்தப் பக்கம் தலைகாட்டாதே. தோலை உரித்துவிடுவார்கள்.'

அவர் தலைகாட்டவில்லை. ஆனால் அந்த இடம் அவரை விடவில்லை. வேலை முடிந்து நிற்கிற வெந்நீர்க் குளியலறை, சங்குச் சத்தம், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அடுத்த நாட்டுத் துணிக்கொடி என்று நினைத்து நினைத்து ஏங்கினார். கண்ணை மூடுவதற்குள் பில்லையை மாட்டிவிட வேண்டும், யார் கண்ணிலும் படாமல். அவ்வளவுதான் அவர் ஆசை.

வீட்டுச் சாவியால் துளையைச் சுரண்டி, அழுத்தினார். ஆணி கையோடு வந்தது. செருப்பைக் கழற்றி ஆணியை அடித்தார். பலகையே கீழே வந்தது.

தரையெல்லாம் பித்தளை.

"நல்லா மாட்டினீங்க, போங்க," என்றாள் மனைவி.

சத்தம் கேட்டு டிக்கெட் கொடுக்கிற அம்மாள் ஓடி வந்தாள். "என்ன சார் நடக்குது இங்க?"

"எண்ணிப் பார்க்கச் சொல்லி... மேலிடத்துலேர்ந்து அனுப்பினாங்க," என்று உளறினார் பெரியவர்.

"யாரு, உங்களையா?" என்றாள் மனைவி.

"நல்லதாப் போச்சு சார், நானும் கூட எண்ணுறேன். இருநூத்தித் தொண்ணூத்தொம்பது இருக்கணும்."

பலகையைச் சுவரில் சாய்த்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மாட்டத் தொடங்கினார்கள். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை; மனைவிதான் படித்தாள்.

"இது அறுபத்தாறா, தொண்ணூத்தொம்பதா?"

"துளை மேல வர்ற மாதிரி பிடிம்மா," என்றார் பெரியவர்.

"அதெல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியுது. நாப்பது வருஷம் முன்னாடி மாட்ட மட்டும் தெரியலையாக்கும்!"

டிக்கெட் அம்மாளின் கை நின்றது. கடைசிப் பில்லை அவள் கையில் இருந்தது. சாவி சுரண்டிய இடம் மட்டும் பளபளத்தது.

"முந்நூறு வருது. இந்த ஆணி எப்பவும் காலியாத்தானே இருக்கும்?" என்று மெதுவாகச் சொன்னாள். "இருநூத்திப் பதினாலு... நீங்களா?"

பெரியவர் கைகூப்பினார். "நான்தாம்மா. அடிக்கணும்னு யாராவது இருந்தா கூப்பிடுங்க. ஓடமாட்டேன், முட்டி வேற வலிக்குது."

மனைவி சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "என்னைப் பார்க்க ஓடி வந்துதான் இவர் மறந்தாரு. அடிக்கிறதுன்னா எனக்கும் சேர்த்து அடிங்க."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவள் அவர் பக்கம் பேசிக் கேட்டதே இல்லை.

டிக்கெட் அம்மாள் பில்லையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்கப்பா அன்னைக்கு ஏறி வந்து பில்லையை மாட்டிட்டு, மறந்து வச்ச சாப்பாட்டுத் தூக்கை எடுக்க யாருக்கும் சொல்லாம மறுபடி இறங்கிட்டாரு சார், அப்பத்தான் மண்ணு சரிஞ்சுது, ஆணியில பில்லை இருந்ததால அவரை யாருமே தேடலை, உங்களைத் தேடித் தோண்டினவங்கதான் மண்ணுக்கடியிலேர்ந்து அவரை உசுரோட தூக்கினாங்க, நான் பொறந்தது அதுக்கு அடுத்த வருஷம்."