அறுபது குதிரையும் ஒரு சாவியும்

தலையே போனாலும் காரை விற்க விடுவதில்லை என்று அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்தேன்.

"பன்னெண்டு வருஷ வண்டி. மேடு ஏறினா சைக்கிள்காரர் முந்திட்டுப் போறார். வித்துத் தொலைங்க" என்றாள் மனைவி.

"இஞ்சின் சிங்கம்டி!"

"பல்லு போன சிங்கமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எப்போதும் விடும் சவாலையே விட்டேன். "டைனோ மெஷின்ல ஏத்திக் காட்டறேன் வா! உருளை மேல நிறுத்தி மிதிச்சா, எத்தனை குதிரை சக்தின்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். அறுபது வந்தா வண்டி நம்ம வீட்டிலதான்."

"சரி. ஆனா அறுபது கொண்டு வர்றவங்க கையிலதான் இனிமே சாவி."

விழுந்து விழுந்து சிரித்தேன். ஓட்டுவது நான் ஒருவன்தானே! அவள் லைசென்ஸ் எட்டு வருஷமாகப் பீரோவில் புடவைக்கடியில் தூங்குகிறது. எப்போது கேட்டாலும் "டிராஃபிக் அதிகம்மா" என்று தாலாட்டியவன் நான்தான்.

இருந்தாலும் அறுபது வருமா என்று ஒரு சந்தேகம். மறுநாள் பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று புளுகிவிட்டு, மெக்கானிக்கிடம் போய் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் புதிதாக மாற்றினேன்.

பரீட்சை நாள். டைனோக்காரர் காரைப் பட்டை போட்டுக் கட்டினார். "நாலாவது கியர் சார். மீட்டர் ஊசி சிவப்பைத் தொடற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது."

மிதித்தேன். ஐயோ, அந்தச் சத்தம்! பெற்ற பிள்ளை அலறுவது மாதிரி இருந்தது. கால் தானாக மேலே வந்துவிட்டது.

நாற்பத்தொன்று.

"பாதியிலேயே எடுத்துட்டீங்களே சார்!"

"கத்துதுய்யா, பாவம்!"

இன்னும் இரண்டு முறை. நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டு. போச்சு, வண்டி போச்சு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கொஞ்சம் இறங்குங்க" என்றாள் மனைவி.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மிதித்தாள். ஷெட் கூரை அதிர்ந்தது. அவள் கால் மட்டும் அசையவில்லை.

அறுபத்து மூன்று!

வண்டி பிழைத்தது! தலைகால் புரியாமல் குதித்தேன். "பாத்தியா, சிங்கம்னு சொன்னேன்ல!"

டைனோக்காரர் அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "போன வாரம் நீங்க ஓட்டினப்போ அறுபதுதானே வந்துச்சு? இப்போ மூணு எப்படிக்கா கூடிச்சு?"

"அதுவா? நடுவில இவருக்குப் பல்வலி வந்துச்சு."

எனக்குக் குதிப்பு நின்றது. "போன வாரமே வந்தியா? அப்போ விக்கணும்னு சொன்னதெல்லாம்?"

"விக்கிறதாவது! நேரா சாவி கேட்டா டிராஃபிக் அதிகம்பீங்க."

சாவியைக் கொடுத்தேன். வலித்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவள் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்ததும், இதை எட்டு வருஷம் முன்பே செய்திருக்கலாமே என்று தோன்றியது. காரும் சொன்ன பேச்சுக் கேட்டுப் பறந்தது. முன்னால் ஒரு லாரி வந்தது.

"தரையைப் போட்டு மிதிக்காதீங்க" என்றாள். "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."