மேல் மாடியில் பாஸ்போர்ட், கீழ் மாடியில் லைசென்ஸ்

இந்த முறை மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தை முடித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்ததுகூட மனத்துக்குள்தான். வாய்விட்டு எடுத்தால் சமையலறை வரை கேட்டுவிடும்.

விஷயம் இதுதான். என் டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி நாலு மாதம். எங்கள் வீட்டில் என்ன சமைப்பது, நான் எந்தச் சட்டை போடுவது, எந்த நண்பனை வீட்டுக்குள் விடுவது எல்லாம் அவள் இலாகா. காருக்குள் மட்டும் நான் ராஜா. எந்த வழியாகப் போவது, எங்கே நிறுத்துவது, எப்போது ஹாரன் அடிப்பது எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். லைசென்ஸ் விஷயம் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். அப்புறம் எனக்கென்று மிச்சமிருப்பது செருப்பு அலமாரியில் கீழ்த்தட்டு மட்டும்தான்.

நல்லவேளையாக எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் முடியப்போகிற நேரம். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகவேண்டும். மனைவியே இரண்டு பேருக்கும் விண்ணப்பித்து, நாளும் குறித்து வாங்கிவிட்டாள். புதிதாகக் கட்டிய அரசு சேவை மையம். மேல் மாடியில் பாஸ்போர்ட், கீழ் மாடியில் லைசென்ஸ். கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கமுக்கமாகக் கீழ் மாடிக்கும் அதே நாளில் ஒரு நேரம் வாங்கிவிட்டேன்.

அரசு அலுவலகமாயிற்றே. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், விசிறி, ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆறு நகல், கோபமாகப் பேச நாலு வாக்கியம் எல்லாம் தயார் செய்துகொண்டு, மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கதவு தானாகத் திறந்தது. காவலாளி எழுந்து, "வாங்க சார்" என்றார். பின்னால் எந்தப் பெரிய மனிதர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை, என்னைத்தான் சொல்லியிருக்கிறார். உள்ளே ஜிலுஜிலுவென்று குளிர்காற்று. மெத்தை வைத்த நாற்காலி. பையில் இருந்த விசிறியை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று. உட்கார்ந்து பெருமூச்சு விடுவதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தைப் படம் பிடித்தாள். விரல் ரேகையை எடுத்தாள். சிரித்தாள்.

"முடிஞ்சது சார். பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துடும்."

"நகல்?"

"வேண்டாம் சார்."

"ஆறு எடுத்துட்டு வந்திருக்கேனே. ஒண்ணாவது வாங்கிக்கக் கூடாதா?"

"வேண்டாம் சார்."

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது நிஜமாவே கவர்மென்ட் ஆபீஸ்தானா?"

அவள் அதற்கும் சிரித்தாள். தயாரித்து வைத்திருந்த நாலு கோப வாக்கியங்களும் தொண்டையிலேயே கரைந்துவிட்டன. என் ஆயுளில் இப்படி ஒரு அதிசயம் பார்த்ததில்லை.

அடுத்து மனைவியின் முறை. நான் மெதுவாக நழுவினேன்.

"தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

"பாட்டில் கையிலயே இருக்கே."

"இது சூடாயிடுச்சு."

"சரி, நிதானமா குடிச்சுட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் நிதானமாக என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கீழ் மாடியிலும் அதே மரியாதை, அதே வேகம். ஓர் அம்மாள் என்னைக் கண் பரிசோதனை இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தார்.

"கடைசி வரியை வாசிங்க சார்."

"வாசிச்சேனே."

"அது முதல் வரி சார். அதுக்குக் கீழ."

"அதுக்குக் கீழ வரி இருக்கா?"

"நாலு இருக்கு."

நான் மூக்கு அழுந்த உற்றுப் பார்த்தேன். எறும்புக் கூட்டம் ஒன்று எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"கண்ணாடி போட்டுட்டு வாங்க சார். உடனே புதுப்பிச்சுக் குடுத்துடறோம். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது."

இவ்வளவு இதமாக என் ராஜ்யத்தை யாரும் பறித்திருக்க முடியாது. இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காருக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கை சுளுக்கிக்கிச்சு. காரை இங்கயே விட்டுட்டு டாக்சில போயிடலாம்."

"டாக்சி எதுக்கு? சாவியைக் குடுங்க."

"நீ எப்படி?"

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். எனக்குப் பளபளப்பு மட்டும் தெரிந்தது.

"லைசென்ஸுங்க. என்னோடது."

சாவி எப்படிக் கைமாறியது என்றே தெரியவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே, காலையில் நான் முன்னும் பின்னும் போய் வியர்த்து விறுவிறுத்து நுழைத்த வண்டியை, அவள் ஒரே திருப்பில் வெளியே எடுத்தாள். காவலாளி தன்னையறியாமல் சல்யூட் அடித்தார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை வரவில்லை. பிரமிப்புதான் வந்தது. இவளையா இத்தனை நாளும் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, எனக்கு வழி தெரியும் என்று அதட்டினேன்?

"எங்க கத்துக்கிட்ட?"

"உங்க அக்கா வண்டில."

"அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நல்ல மனசு அவங்களுக்கு."

"என் லைசென்ஸ் முடிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"துவைக்கப் போடற பேன்ட்லேருந்து பர்ஸை எடுத்து வைக்கிறது யாருங்க?"

"அப்ப நாலு மாசமா நான் எங்க கூப்பிட்டாலும் தலைவலின்னு சொன்னியே?"

"வேற என்ன சொல்றது? இன்னைக்குத்தான் மனசைக் கல்லாக்கிட்டு ஏறினேன்."

கார் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கண்ணாடிக் கடை வாசலில், கோடு போட்டு நிறுத்திய மாதிரி நின்றது.

"இறங்குங்க. உங்க பேர்ல நேரம் வாங்கியிருக்கேன்."

"எப்ப வாங்கின?"

"போன வாரம்."

கடைக்காரர் என் மூக்கில் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகச் செருகினார். திடீரென்று உலகம் துல்லியமாகிவிட்டது. எதிர்க்கடைப் பலகையில் எழுத்துகள் இருந்தன. மரத்தில் தனித்தனியாக இலைகள் இருந்தன.

"கிட்டத்துல சின்ன எழுத்து ஏதாவது வாசிச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

மனைவி தன் லைசென்ஸை நீட்டினாள். படம் தெரிந்தது. பேர் தெரிந்தது. கொடுத்த தேதியும் தெரிந்தது.

"ரெண்டு வருஷமாவா இதை வச்சிருக்க? ஒரு நாள்கூட நான் ஓட்டறேன்னு கேக்கலையே?"

அவள் அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"வீட்டுல டிரைவர் இருக்கறப்ப நான் எதுக்குங்க ஓட்டணும்?"