மூன்று நிமிடத்தில் பதினோரு அவர்களே

கோபக்காரனை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்காதீர்கள். கோபப்படுகிறவன் நியாயத்தைப் பேசிவிடுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மைக் கைக்கு வந்தால் நான் எவ்வளவு கேவலமாகக் குழைவேன் என்பது எனக்கே ஒரு கூட்டத்தில்தான் தெரிந்தது.

எனக்கு நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. (இத்தனை வருஷத்தில் பெர்மனெண்ட் ஆனது என் கோபம் மட்டும்தான்.) என் அக்கா மலர்க்கொடி காடாம்புலியூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளுக்கும் மகள் கவிதாவுக்கும் ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்புதான் சோறு. அந்தத் தோப்பை ஒட்டி ஒரு தனியார் கம்பெனி சிமெண்ட் அரைக்கும் ஆலை கட்டப்போவதாகவும், அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போவதாகவும் பேப்பரில் விளம்பரம் வந்தது.

கவிதா அதை எழுத்து விடாமல் படித்துக் காட்டினாள். திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் பஞ்சாயத்து ஆபீசில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். கூட்டத்தில் நேரிலும் பேசலாம்.

“மாமா, எழுதியே குடுத்துடலாம். சீல் போட்டு ஒரு காப்பி வாங்கி வெச்சிக்கலாம்” என்றாள்.

“காயிதத்த எவன் படிப்பான்? டீ கிளாஸ் வைக்கத்தான் ஆவும். நேர்ல நின்னு கேக்கறேன் பாரு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி!”

அக்கா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். “டேய் ராஜவேலு, நாலு கேள்வியெல்லாம் வாணாம்டா. பூ எடுக்கிற நேரத்துல தூசி படிஞ்சா கொட்டை புடிக்காது. இத ஒண்ணு சொல்லிட்டு வந்துடு. போதும்.”

எனக்கு அவமானமாகிவிட்டது. ஒரே ஒரு வரி சொல்லவா என்னைக் கூப்பிட்டாள்? எங்கள் தொழிற்சங்கம் சுரங்க வாசலில் நடத்தும் கேட் மீட்டிங்கில் பத்து வருஷம் வரவேற்புரை சொன்னவன் நான். மேடையில் இருக்கிற ஒரு ஆளின் பெயர் விட்டுப்போனாலும் அந்தக் கோஷ்டி ஒரு மாசம் முகம் கொடுக்காது. அந்த மாதிரி மேடைகளில் அடிபட்டுத் தேறியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தேனா என்று கேட்காதீர்கள். பஞ்சாயத்து ஆபீஸ் வரை போனேன். அது எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்பதற்குள் அங்கே இருந்தவரோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடையில் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களுமாகப் பதினோரு பேர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நான் போய்ப் பெயர் கொடுத்தேன். வரிசையில் பதினேழாவது. அக்காவும் கவிதாவும் மூன்றாவது வரிசையில். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அறிவித்தார்கள்.

என் பெயரைக் கூப்பிட்டதும் புலி மாதிரிதான் எழுந்து போனேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். பத்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“இந்த மாபெரும் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, சுற்றுச்சூழலைக் கண்ணின் மணி போலக் காத்துவரும் பொறியாளர் அவர்களே...”

நிறுத்த முடியவில்லை. வண்டி பள்ளத்தில் பிரேக் இல்லாமல் இறங்குவது போலப் பேச்சு இறங்குகிறது. தாசில்தார் அவர்களே, காவல் ஆய்வாளர் அவர்களே. பெயர் தெரியாதவர்களுக்கு நானே பட்டம் கொடுத்தேன். எந்தக் கம்பெனியைக் கிழிக்கப் போனேனோ, அதன் மேனேஜரை “தொழில் வளம் பெருக்கும் அண்ணன் அவர்களே” என்றேன். (அவர் எனக்கு அண்ணனா? என்னைவிட பத்து வயது சின்னவர்.) பதினோரு பேரையும் முடித்துவிட்டு, ஒலிபெருக்கி அமைத்துத் தந்த தம்பிக்கும் ஒரு வணக்கம் வைத்தேன்.

மணி அடித்தார்கள்.

“நேரம் முடிஞ்சிருச்சுங்க. அடுத்தவங்க வாங்க.”

அப்போதாவது கத்தியிருக்கலாம். பூ, தூசி, கொட்டை என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். மணி அடித்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குப் பழக்கம்தான்.

“வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!”

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. தட்டியவர்கள் கம்பெனிக்காரர்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். “ஏண்டா, அத சொல்லலியே?”

“அடுத்த ரவுண்டுல சொல்றன்க்கா.”

“அடுத்த ரவுண்டு இருக்குதா?”

இல்லை. எனக்கு செகண்ட் ஷிஃப்ட் வேறு. கடைசியில், பேசியதை எல்லாம் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள், தப்பிருந்தால் அங்கேயே கேட்கலாம், இருந்து போவோம் என்று கவிதா கெஞ்சினாள். “வாசிச்சா வாசிக்கட்டும், நாம பேசினத நாமே திரும்பக் கேக்கணுமா?” என்று இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து, பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருந்த கூட்டக் குறிப்பைக் கவிதா போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். எனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, அவளுக்கு அவ்வளவு கோபம். “17. திரு. ராஜவேலு: மேடையில் இருந்தோரைப் பாராட்டிப் பேசினார். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை.”

அதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர்களைத் திட்ட எனக்கு ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. எழுதிக் கொடுக்கும் கெடு கூட்டத்தோடு முடிந்திருந்தது. பிறகும் ஒரு மனு கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

படிக்கிறவர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால் ஒரு வரி எழுதுங்கள், சீல் வாங்குங்கள், கடைசி வரை உட்கார்ந்து குறிப்பைக் கேளுங்கள். என் மாதிரி ஆள் பேசுகிறேன் என்று வந்தால் கையைக் காலைக் கட்டிப் போடுங்கள்.

ஆலை வந்துவிட்டது. அக்கா தோப்பில் இலையைத் தொட்டால் விரல் வெளுக்கிறது.

எங்கள் குடும்பத்தில் நான் போகாத விசேஷம் இல்லை, இந்தக் கதை சொல்லாத விசேஷமும் இல்லை. இலை போட்டதும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: “இலையின் ஓரத்தில் வீற்றிருக்கும் ஊறுகாய் அவர்களே! நடுநாயகமாக விளங்கும் சாம்பார் அவர்களே!” பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மட்டும் இதுவரை அந்தக் கேலியைச் செய்ததே இல்லை. பாயசத்தை என் முன்னால் வைத்தாள்.

“சாப்புடுங்க ராஜவேலு அவர்களே. முந்திரி பண்ருட்டிக் கடையில வாங்கினது.”